போர்முனையிலிருந்து கூட்டாளிக்கு எழுதிய கடிதங்கள்: வீட்டுக்குச் சொல்லாததை அவனிடம் சொன்னார்களா?

கரிசல்வாசகன்

முதல் உலகப்போரில் பிரான்ஸுக்குப் போன இந்தியச் சிப்பாய்களின் கடிதங்களைக் கொஞ்ச காலமாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1914 செப்டம்பர் கடைசியில் லாகூர் டிவிஷனும் பின்னாலேயே மீரட் டிவிஷனும் மார்சேய் துறைமுகத்தில் இறங்கின. போர் முடிவதற்குள் ஒரு லட்சத்து முப்பதாயிரம் பேருக்கு மேல் அந்த முனைக்குப் போயிருக்கிறார்கள். இவர்கள் போடும் கடிதங்களையும் இவர்களுக்கு வரும் கடிதங்களையும் பிரித்துப் படிக்க வெள்ளைக்கார அரசு தனியாக ஓர் அலுவலகமே வைத்தது. ஹோவெல் என்ற ஐ.சி.எஸ். அதிகாரிதான் அதற்குத் தலைமை, பிரான்ஸின் பூலோன் நகரில் உட்கார்ந்து வேலை பார்த்தார். 1915 மார்ச் வாக்கில் சிப்பாய்கள் வாரத்துக்குப் பத்தாயிரத்திலிருந்து இருபதாயிரம் கடிதம் எழுதினார்களாம். அத்தனையையும் படிக்க ஆள் ஏது? கைக்கு வந்ததில் கொஞ்சம் எடுத்துப் படித்து, முக்கியம் என்று பட்டதை ஆங்கிலத்தில் பெயர்த்து, அறிக்கையாக லண்டனுக்கு அனுப்பினார்கள். அந்த அறிக்கைகள் இப்போது பிரிட்டிஷ் நூலகத்தில் இந்தியா ஆபீஸ் ஆவணங்களில் இருக்கின்றன.

என் கேள்வி இதுதான். அப்பாவுக்கு எழுதும்போது நான் நலம், சர்க்கார் நன்றாகப் பார்த்துக்கொள்கிறது, கவலைப்படாதீர்கள் என்று அடக்கமாகப் போகிற பேனா, ஊரில் இருக்கும் கூட்டாளிக்கு எழுதும்போது வேறு மாதிரி ஓடுகிறது. அடைமழை, சேறு, பக்கத்தில் விழுந்து செத்தவன், திரும்பி வரமாட்டோம் என்ற பயம், பிரெஞ்சுப் பெண்கள், எல்லாம் வருகிறது. நேராகச் சொல்ல முடியாததைச் சுற்றி வளைத்தும் சொல்கிறார்கள். ஒருவர் எழுதியிருக்கிறார், கருப்பு மிளகு தீர்ந்துவிட்டது, இப்போது சிவப்பைத்தான் போடுகிறார்கள், ஆனால் காரம் கருப்புக்குத்தான் என்று. கருப்பு என்றால் நம் ஆட்கள், சிவப்பு என்றால் வெள்ளைக்காரப் பட்டாளம். இது தணிக்கைக்காரனுக்குப் புரியாமலா இருக்கும்? புரிந்துதான் அறிக்கையில் சேர்த்தான். அந்தப் போரில் சிப்பாய் உண்மையில் என்ன நினைத்தான் என்று தெரிய வேண்டுமானால் நண்பனுக்கு எழுதியதைத்தான் படிக்க வேண்டும் என்பது என் கட்சி. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

கொள்ளிடத்தான்

கட்சி நன்றாகத்தான் இருக்கிறது, அஸ்திவாரம்தான் ஆட்டம் காண்கிறது. நீங்கள் படிப்பது சிப்பாயின் கடிதத்தை இல்லை சார், தணிக்கைக்காரன் பொறுக்கி எடுத்ததை. அவனுக்கு வேலையே பட்டாளத்தின் மனநிலை எப்படி இருக்கிறது, வெள்ளைக்கார ஆட்சியைக் கவிழ்க்கப் பார்த்த கதர் (Ghadar) கட்சிக்காரர்களின் துண்டுப்பிரசுரம் ஏதும் உள்ளே வருகிறதா என்று பார்ப்பது. ஆகவே பயம், புலம்பல், ரகசியக் குறிப்பு இருக்கிற கடிதம்தான் அவன் கண்ணில் படும். மாடு கன்று போட்டதா, கிணற்றில் தண்ணீர் இருக்கிறதா என்று நண்பனுக்கு எழுதிய ஆயிரம் கடிதம் அப்படியே பையில் போய்ச் சேர்ந்திருக்கும். அதை யார் பெயர்த்து வைத்தார்கள்? மூலக் கடிதங்களில் பெரும்பாலானவை ஊருக்குப் போய் அடுப்பிலோ கறையானிலோ முடிந்துவிட்டன. மிச்சமிருப்பதை வைத்து அப்பாவுக்கு ஒரு பேனா, நண்பனுக்கு ஒரு பேனா என்று தீர்ப்பு எழுதுவது கொஞ்சம் அவசரம்.

கரிசல்வாசகன்

@கொள்ளிடத்தான் மாடு, கிணறு, வழக்கு, கடன், கல்யாணம் எல்லாம் அந்த அறிக்கைகளிலேயே நிறைய வருகிறது. நிலத் தகராறு பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். பயத்தை மட்டும் சலித்து எடுத்ததாக எனக்குத் தோன்றவில்லை. அதோடு ஹோவெல் நிறுத்தி வைத்த கடிதங்கள் ரொம்பக் குறைவு, கேட்பதுதான் அவர் வேலை, வாயை மூடுவது இல்லை.

தாமிரபரணிக்காரி

இரண்டு பேரும் முக்கியமான ஒன்றை விட்டுவிட்டீர்கள். அந்தச் சிப்பாய்களில் எத்தனை பேருக்கு எழுதத் தெரியும்? பெரும்பாலோர் கம்பெனியில் எழுதத் தெரிந்த ஒருவனைப் பிடித்து உட்கார வைத்துச் சொல்லச் சொல்ல எழுத வைத்தவர்கள். ஊரில் வாங்குகிறவனுக்கும் படிக்கத் தெரியாது. வாத்தியாரோ தபால்காரரோ திண்ணையில் உட்கார்ந்து சத்தமாகப் படிப்பார், தெருவே கேட்கும். நடுவில் ரெஜிமெண்ட் வெள்ளைக்கார அதிகாரி ஒரு முறை, பூலோன் ஆபீஸ் ஒரு முறை. அப்புறம் எங்கே "நண்பனுக்கு மட்டும்" எழுதிய கடிதம்? இத்தனை காது கேட்கும் என்று தெரிந்தே சொன்ன வார்த்தைகள் இவை. கடிதம் பார்க்கப்படுகிறது என்பது சிப்பாய்களுக்கு நன்றாகவே தெரியும், ஒருவருக்கொருவர் எச்சரித்தும் எழுதியிருக்கிறார்கள்.

அப்புறம், நண்பன் / குடும்பம் என்று பிரிப்பதே சரியில்லை என்று எனக்குப் படுகிறது. பட்டாளத்தில் சேராதே, யார் வந்து கூப்பிட்டாலும் போகாதே என்று மன்றாடிய கடிதங்கள் பல தம்பிக்கும் பங்காளிக்கும் போனவை. அங்கே குடும்பத்துக்குத்தானே உண்மையைச் சொல்கிறான்? பிரிவு இருப்பது பெரியவர்களுக்கும் சமவயதுக்காரர்களுக்கும் நடுவில். அம்மா அப்பாவுக்கு ஒரு முகம், அடுத்து மாட்டிக்கொள்ளப் போகிற வயதில் இருக்கிறவனுக்கு இன்னொரு முகம். அவன் நண்பனா தம்பியா என்பது பெரிய விஷயம் இல்லை.

ஒட்டுமீசை

நண்பனுக்கு எழுதுவதில் உண்மை இருக்கும் என்று யார் சொன்னது 😄 நான் ஹாஸ்டலில் இருந்து கூட்டாளிகளுக்கு விட்ட பீலாவை எல்லாம் யாராவது ஆவணக்காப்பகத்தில் வைத்தால் என் பேரன் என்னை மகாராஜா என்று நினைத்துக்கொள்வான்.

சீரியஸாகவே சொல்கிறேன். அந்தப் பிரெஞ்சுப் பெண்கள் விவகாரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். இங்கே பெண்கள் எங்களை விடுவதே இல்லை என்கிற ரீதியில் ஊர்க் கூட்டாளிக்கு எழுதி, அந்தக் கடிதம் தணிக்கையில் நிறுத்தப்பட்டிருக்கிறது. நிறுத்தினார்கள் என்பதற்காக அது உண்மை ஆகிவிடுமா? இருபது வயசுப் பையன் இன்னொரு இருபது வயசுப் பையனுக்கு எழுதினது. அப்பாவுக்கு எழுதியதில் ஒரு வகைப் பொய், நண்பனுக்கு எழுதியதில் இன்னொரு வகைப் பொய்.

கரிசல்வாசகன்

@ஒட்டுமீசை பீலா இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் பெண்கள் விஷயத்தில் வேறு மாதிரியும் இருக்கிறது. குதிரைப்படைக்காரர்கள் 1918 தொடக்கம் வரை பிரான்ஸில் இருந்தவர்கள், குளிர்காலத்தில் கிராமத்து வீடுகளில் தங்க வைக்கப்பட்டார்கள். அந்த வீட்டுக் கிழவி தன்னைப் பெற்ற பிள்ளை போலக் கவனித்தாள் என்று எழுதியவர்கள் உண்டு. ஆண்கள் எல்லாம் போருக்குப் போய்விட, பெண்களே ஏர் ஓட்டி, கணக்குப் பார்த்து, கடிதம் படிப்பதை நேரில் பார்த்துவிட்டு, ஊரில் நம் பெண் குழந்தைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புங்கள் என்று எழுதியிருக்கிறார்கள். அதில் என்ன பெருமையடிப்பு? @தாமிரபரணிக்காரி சமவயது என்பதை ஒப்புக்கொள்ளலாம். ஆனால் தம்பிக்கு எழுதும்போது அண்ணன் என்ற அதட்டல் கூடவே வந்துவிடுகிறது, கூட்டாளியிடம் அது இல்லை.

தபால்தலைப்பித்தன்

கொஞ்சம் என் பக்கத்துச் சரக்கையும் இறக்கி வைக்கிறேன். 1914இல் வெளிநாடு போன இந்தியப் படைகளுக்கென்றே ஐந்தாம் ஜார்ஜ் தபால்தலைகளின் மேல் ஐ.இ.எஃப். (இந்தியன் எக்ஸ்பெடிஷனரி ஃபோர்ஸ்) என்று மூன்று எழுத்து அச்சடித்துக் கொடுத்தார்கள். பழைய சேகரிப்புகளில் இன்றும் கிடைக்கும், பெரிய விலை இல்லை. ஆனால் உறையோடு, களத் தபால் நிலைய முத்திரையோடு கிடைத்தால் வேறு கதை. அந்த முத்திரையில் ஊர்ப் பெயர் இருக்காது, எண்தான். எந்த எண் எந்தத் தேதியில் எங்கே இருந்தது என்று பட்டியல் இருக்கிறது, அதை வைத்து அந்தக் கடிதம் எழுதிய ஆள் எந்த முனையில் நின்றான் என்று ஓரளவு பிடித்துவிடலாம்.

இன்னொன்று. பிரிட்டிஷ் படையில் ஓர் அச்சடித்த அஞ்சலட்டை உண்டு. நான் நலமாக இருக்கிறேன், ஆஸ்பத்திரியில் இருக்கிறேன், உன் கடிதம் கிடைத்தது, இப்படி வரிசையாக வாக்கியங்கள். வேண்டாததை அடித்துவிட்டுக் கையெழுத்தும் தேதியும் போட வேண்டும். கூட ஒரு வார்த்தை எழுதினாலும் அட்டையைக் கிழித்துப் போட்டுவிடுவோம் என்று மேலேயே அச்சடித்திருக்கும். பச்சை உறை என்று இன்னொன்று: உள்ளே சொந்த விஷயம் மட்டும்தான் என்று சிப்பாய் சத்தியம் செய்து கையெழுத்துப் போட்டால் அவனுடைய சொந்த அதிகாரி அதைப் பிரிக்கமாட்டார், பின்னால் தளத்தில் வேண்டுமானால் பார்ப்பார்கள். தினமும் முகம் பார்க்கிற அதிகாரி தன் கடிதத்தைப் படிக்கிறான் என்பதுதான் அவர்களுக்குக் கூச்சம், முகம் தெரியாத யாரோ படித்தால் அவ்வளவு இல்லை. இந்த விவாதத்துக்கு இது பொருந்தும் என்று நினைக்கிறேன்.

செங்கல்பட்டான்

எல்லாம் சரி, இதில் நம் ஆட்கள் எங்கே? பஞ்சாபி, பட்டாணியர், டோக்ரா, கடுவாலி, கூர்க்கா என்றே போகிறது. தமிழில் எழுதிய சிப்பாய்க் கடிதம் ஒன்றுகூட கண்ணில் படவில்லையே.

கொள்ளிடத்தான்

@செங்கல்பட்டான் பிரான்ஸில் தேடினால் கிடைப்பது கஷ்டம். போர்க்குடி, போர்க்குடி அல்லாதவன் என்று வெள்ளைக்காரன் போட்ட கணக்கில் மதராஸ்காரன் கீழே போய்விட்டான். மதராஸ் காலாட்படையை வருஷம் வருஷமாகக் குறைத்து, 1920களில் ஏறக்குறைய கலைத்தே விட்டார்கள், மறுபடி எழுப்பியது அடுத்த உலகப்போரில்தான். 1914இல் நம் பக்கத்து ஆட்கள் போனது வேறு திசை. 63ஆம் பாளையங்கோட்டை லைட் இன்ஃபண்ட்ரி கிழக்கு ஆப்பிரிக்காவில் டாங்காவுக்குப் போனது, 1914 நவம்பர் முதல் வாரம். வாரக்கணக்காகக் கப்பலில் அடைத்து வைத்து, இறக்கிவிட்டவுடன் சண்டைக்கு அனுப்பினார்கள். படை சிதறி ஓடிவிட்டது. சண்டை நடுவில் காட்டுத் தேனீக்கள் கலைந்து இரண்டு தரப்பையும் கொட்டியதால் தேனீப் போர் என்றே அதற்குப் பெயர். பழி முழுக்கச் சிப்பாய் தலையில். அவர்களில் ஒருவன் பாளையங்கோட்டைப் பக்கத்துக் கூட்டாளிக்கு அந்த நவம்பரில் ஒரு கடிதம் போட்டிருந்து அது கிடைத்தால், அதற்காக நான் எதையும் கொடுப்பேன்.

மதராஸ் சாப்பர்கள், அதாவது பட்டாளத்துப் பொறியாளர் படை, மெசபடோமியாவில் இருந்தார்கள், இப்போதைய ஈராக். தம்பி என்று பட்டாளமே கூப்பிடுகிற அந்தப் படைக்குத் தலைமையிடம் பெங்களூர்.

பட்டாளத்துப் பேத்தி

இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன், சாப்பர் என்றதும் எழுத வேண்டியதாகிவிட்டது. என் தாத்தா மதராஸ் சாப்பர், இரண்டாம் உலகப்போரில் இத்தாலிக்குப் போனவர். கண்ணிவெடி எடுப்பதும் பாலம் கட்டுவதும்தான் அவர்கள் வேலை. 1944 பிப்ரவரியில் கண்ணிவெடி மேல் விழுந்து மற்றவர்களைக் காப்பாற்றிச் செத்த சுபேதார் சுப்பிரமணியன், வீரத்துக்கான ஜார்ஜ் கிராஸ் பதக்கம் பெற்றவர், அதே படைதான். தாத்தாவுக்கு எழுதப் படிக்கத் தெரியும், நாலாம் வகுப்பு.

பாட்டிக்கு அவர் எழுதியது என்று எங்களிடம் இருப்பதெல்லாம் மணியார்டர் ஃபாரத்தின் அடியில் கிழித்துக் கொடுக்கும் அந்தத் துண்டுகள்தான். நாலு வரிக்கு மேல் இடம் கிடையாது. சுகம், பணம் பெற்றுக்கொள்ளவும், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளவும், இப்படிக்கு. அவ்வளவே. ஊரில் மளிகைக்கடை வைத்திருந்த அவருடைய சிநேகிதருக்கு எழுதியதுதான் கட்டாக இருந்தது. அந்தக் கடைக்காரர் குடும்பம் சில வருஷம் முன்னால் எங்களிடம் கொடுத்தார்கள்.

நானும் கரிசல்வாசகன் மாதிரி அதில் பயம், மரணம், இத்தாலிக் குளிர் எல்லாம் இருக்கும் என்று நினைத்துத்தான் பிரித்தேன். இருக்கிறது, ஆனால் ஒன்றிரண்டு வரி. மீதியெல்லாம் வேலை ஏவல்! நான் அனுப்பும் பணம் என் வீட்டுக்காரி கையில் முழுசாகப் போகிறதா அல்லது அண்ணன் நடுவில் எடுத்துக்கொள்கிறானா என்று நீ விசாரித்து எழுது. அரிசி என்ன விலை விற்கிறது, உன் கடையில் பற்று வைத்திருக்கிறார்களா, எவ்வளவு. கன்றை விற்கக் கூடாது என்று சொல், நான் சொன்னதாகச் சொல்லாதே. பெரியவனைப் பள்ளிக்கூடத்தில் நிறுத்திவிட்டார்களாமே, யார் சொல்லி நிறுத்தினார்கள்.

ஒரு கடிதத்தில் மேல் பக்கம் அவர் இருந்த இடத்தைக் குறிக்கிற வரியை பிளேடால் அறுத்து எடுத்திருக்கிறார்கள், ஒன்றரை அங்குல நீளத்துக்கு ஒரு சன்னல். பென்சில் எழுத்து. தாளைத் திருப்பினால் அதே ஓட்டை பின்பக்கத்தில் சரியாக அண்ணனைப் பற்றி எழுதின இடத்தில் விழுந்திருக்கிறது. "அவன் உன்னிடம் வந்து" வரைக்கும் இருக்கிறது, அப்புறம் ஓட்டை, அப்புறம் "என்றால் கொடுக்காதே". என்ன கேட்டான், எதைக் கொடுக்கக் கூடாது, தெரியாது. ராணுவ ரகசியத்தோடு எங்கள் குடும்ப ரகசியமும் போய்விட்டது.

ஆகவே எனக்குத் தோன்றுவது, நண்பனுக்கு எழுதியது மனசைத் திறக்க மட்டும் இல்லை. ஊரில் தனக்கு ஒரு கண்ணும் காதும் வேண்டும் என்பதற்காக. அண்ணனைப் பற்றி அப்பாவுக்கு எழுத முடியாது, பாட்டிக்கு எழுதினால் மாமனார்தான் படித்துச் சொல்லுவார். கடைக்காரர்தான் ஆள்.

தாமிரபரணிக்காரி

@பட்டாளத்துப் பேத்தி இது அருமை. பாட்டிக்கு எழுதினால் மாமனார்தான் படித்துச் சொல்லுவார் என்கிற அந்த ஒரு வரி இந்த இழை முழுக்கப் பேசினதை விடப் பெரிசு. தணிக்கை என்றதும் நாம் பூலோனில் உட்கார்ந்த அதிகாரியையே நினைக்கிறோம், வீட்டுக்குள் இருந்த தணிக்கையை யாரும் பேசவில்லை.

விலைவாசி பற்றிய வரிகள் உங்கள் தாத்தாவுக்கு மட்டும் இல்லை. 1943 வங்காளப் பஞ்சம், அந்தக் காலத்து விலை ஏற்றம் இதெல்லாம் வெளியே இருந்த இந்தியச் சிப்பாய்களை எவ்வளவு கலக்கியது என்று அப்போதைய தணிக்கை அறிக்கைகளே திரும்பத் திரும்பச் சொல்கின்றன. எதிரி குண்டு போடுகிறான் என்பதை விட, வீட்டில் சாப்பாடு இருக்கிறதா என்பதுதான் கேள்வி. இருபத்தைந்து லட்சம் பேர் இருந்த படை, அதில் மதராஸ் மாகாணத்து ஆட்கள் ஏராளம்.

ஒட்டுமீசை

பேத்தி மேடம், அந்த அண்ணன் கடைசியில் பணத்தை எடுத்தாரா இல்லையா? தலை வெடித்துவிடும் போல இருக்கிறது.

பட்டாளத்துப் பேத்தி

@ஒட்டுமீசை எடுத்தார் என்று எங்கள் வீட்டில் சொல்வோம், அவர்கள் வீட்டில் இல்லை என்பார்கள். இரண்டு வீட்டுக்கும் இன்னும் பேச்சுவார்த்தை கிடையாது 🙂

தபால்தலைப்பித்தன்

பேத்தி சொன்ன கடிதங்கள் மூலத்தாளா அல்லது சின்னப் புகைப்படத் தாள் மாதிரி இருக்கிறதா? 1941 ஏப்ரலில் கெய்ரோவிலிருந்து ஏர்கிராஃப் என்று ஒன்று தொடங்கினார்கள். ஒரு ஃபாரத்தில் எழுதிக் கொடுத்தால் அதைப் படச்சுருளில் சிறியதாகப் பிடித்து, சுருளை விமானத்தில் அனுப்பி, போய்ச் சேரும் இடத்தில் பெரிதாக்கி அச்சிட்டுக் கொடுப்பார்கள். அமெரிக்கர்கள் 1942இல் அதையே வி-மெயில் என்று எடுத்துக்கொண்டார்கள். ஒன்றரை லட்சம் ஒற்றைப் பக்கக் கடிதங்களுக்கு 37 மூட்டை வேண்டியிருந்தது, படச்சுருளாக்கினால் ஒரே மூட்டை. ஆனால் பாருங்கள், அந்த முறையில் போனால் கடிதத்தை வாங்குகிறவன் கையில் கிடைப்பது நிழல்தான், தாள் அங்கேயே அழிக்கப்பட்டுவிடும். ஓட்டை விழுந்தாலும் உங்களுடையது அசல், பத்திரமாக வையுங்கள்.

கரிசல்வாசகன்

பேத்தி எழுதியதைப் படித்த பிறகு பிரான்ஸ் கடிதங்களில் இருக்கும் அந்த நிலத் தகராறு பக்கங்களை மறுபடி எடுத்துப் பார்த்தேன். முதல் தடவை இவற்றையெல்லாம் தாண்டிப் போய் சண்டை வரும் இடத்தைத்தான் தேடினேன். என் கட்சியை இப்படி மாற்றி வைக்கிறேன்: நண்பனிடம் சிப்பாய் உண்மையைச் சொன்னானோ இல்லையோ, அவனிடம்தான் எதையாவது *கேட்டான்*. பெரியவர்களிடம் ஆசீர்வாதம் மட்டும் கேட்டான்.

கேட்டதில் வில்லங்கமானவையும் உண்டு. கஞ்சா, அபின் என்று ஒளித்து அனுப்பச் சொன்னவர்கள் இருக்கிறார்கள். சேங்கொட்டை கேட்டவர்களும் உண்டு, உடம்பில் தடவினால் கொப்புளம் கிளம்பும், அதைக் காட்டி ஆஸ்பத்திரியில் படுக்கலாம். அதை அப்பாவிடமா கேட்க முடியும்?

கொள்ளிடத்தான்

இங்கிலாந்தில் பிரைட்டன் ஆஸ்பத்திரியில் போய்ப் படுக்க சேங்கொட்டை என்ன, எது வேண்டுமானாலும் தடவலாம். ராஜாவின் பழைய அரண்மனையையே ஆஸ்பத்திரியாக்கி, ஒன்பது சமையலறை தனித்தனியாக வைத்து, இந்துவுக்கு ஒரு குழாய் முஸ்லிமுக்கு ஒரு குழாய் என்று ஏற்பாடு. சொர்க்கம் என்று கடிதம் எழுதினார்கள். அந்தக் கடிதங்களை எல்லாம் அரசுக்கு விளம்பரமாகப் பயன்படுத்த வசதியாக இருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அதே ஊரில் இன்னொரு இந்திய ஆஸ்பத்திரியில் சிப்பாய்களை வெளியே விடாமல் வேலி போட்டுக் காவல் வைத்ததைச் சிறை என்று எழுதியவர்களும் உண்டு. கரிசல் சார், இந்த இரண்டையும் யாருக்கு எழுதினார்கள் என்று பிரித்துப் பார்த்தீர்களா? உங்கள் கட்சிக்கு அங்கேதான் சோதனை.

கரிசல்வாசகன்

இன்னும் இல்லை. பெறுநர் யார் என்று ஒவ்வொன்றிலும் போட்டிருக்கிறது, அப்பா, அண்ணன், நண்பன், ஊர் எல்லாம். பட்டியல் போட்டுவிட்டு வந்து சொல்கிறேன்.

செங்கல்பட்டான்

கடிதம் இல்லாமல் குரலாகவே மிஞ்சிய கதை ஒன்று. ஜெர்மனியிடம் கைதியான இந்தியச் சிப்பாய்களை பெர்லினுக்குத் தெற்கே வூன்ஸ்டோர்ஃபில் அரைநிலா முகாம் என்ற இடத்தில் வைத்திருந்தார்கள். அங்கே ஜெர்மன் அறிஞர்கள் கிராமபோன் கருவியோடு போய் அவர்கள் பேச்சைப் பதிவு செய்தார்கள், மொழி ஆராய்ச்சிக்காக. அந்த ஒலிப்பதிவுகள் பெர்லின் ஹம்போல்ட் பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன. 1916 டிசம்பரில் ஒரு பஞ்சாபி பேசியிருக்கிறார். ஒரு மனிதன் இருந்தான், இந்துஸ்தானத்தில் வெண்ணெய் சாப்பிட்டவன், ஐரோப்பாவுக்குச் சண்டைக்கு வந்து ஜெர்மன்காரனிடம் மாட்டிக்கொண்டான், ஊருக்குப் போனால் மறுபடி அதே சாப்பாடு கிடைக்கும் என்று கதை சொல்வது போலத் தன்னையே சொல்கிறார். யாருக்கும் முகவரியிடாத கடிதம். இணையத்தில் கேட்கலாம்.

பட்டாளத்துப் பேத்தி

ஒரு உதவி வேண்டும். அந்தக் கடிதக் கட்டுக்குள் சில தாள்கள் மடிப்பில் விட்டுப்போகிற நிலையில் இருக்கின்றன. அத்தை லேமினேட் செய்துவிடு என்கிறார். செய்யலாமா?

தபால்தலைப்பித்தன்

ஐயோ, லேமினேஷன் வேண்டவே வேண்டாம். சூடு பட்டுத் தாள் உள்ளேயே மஞ்சளாகும், பிறகு பிரிக்கவும் முடியாது. செல்லோடேப்பும் கூடாது, பசை தாளுக்குள் இறங்கிக் கறையாகும். மடிப்பை மெதுவாகத் திறந்து, அமிலமில்லாத தாள் நடுவில் வைத்துத் தட்டையாக அடுக்குங்கள், பிளாஸ்டிக் கவர் வேண்டாம், பீரோவில் கீழ்த்தட்டு வேண்டாம். முதலில் இரண்டு பக்கமும் படம் எடுங்கள், வெளிச்சம் பக்கவாட்டில் விழுந்தால் மங்கிய பென்சில் தெரியும். முகவரிப் பக்கம், முத்திரை, தணிக்கை முத்திரை எல்லாம் சேர்த்து எடுங்கள். தபால்தலையை யாராவது கேட்டால் வெட்டிக் கொடுத்துவிடாதீர்கள். மணியார்டர் துண்டுகளையும் விடாதீர்கள், அவற்றில் தேதி இருக்கும், தேதி இல்லாத கடிதங்களை அவற்றோடு ஒப்பிட்டு வரிசைப்படுத்தலாம்.

முகவரிப் பக்கத்தில் களத் தபால் நிலைய எண் தெரிந்தால் இங்கே போடுங்கள். இத்தாலியா, அதற்கு முன்னால் எகிப்தா என்று பார்த்துச் சொல்கிறேன்.

பட்டாளத்துப் பேத்தி

நன்றி சார். ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போகிறேன், படம் எடுத்துப் போடுகிறேன். வீட்டுப் பெயரும் அந்த அண்ணன் பெயரும் தெரியாமல் மறைத்துத்தான் போட வேண்டியிருக்கும், அவர்கள் பேரப்பிள்ளைகளும் இணையத்தில்தான் இருக்கிறார்கள்.